ஜெர்மனிக்குக் குடிவந்த முதல் ஆண்டில் போய்வருவது எப்படி

ஜெர்மனியின் ரயில் நிலையங்களில் டிக்கெட் கேட்டு மறிக்கும் கதவு கிடையாது. தெருவிலிருந்து படி இறங்கினால் பிளாட்பாரம். வண்டி வந்தால் ஏறிக்கொள்ளலாம். சென்னை மெட்ரோவில் கார்டைத் தட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதியாகத்தான் தெரியும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்தில் அபராதம் கட்டுவதும் இதனால்தான். கதவு இருக்கிற ஊரில் தப்பான டிக்கெட்டைக் கதவே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஏறும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. விதி என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவது உங்கள் பொறுப்பு. ரயிலுக்கு மட்டுமல்ல, சைக்கிள், கார், எல்லை தாண்டும் பயணம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வந்த முதல் வாரத்தில் நானும் மாட்டினேன். மெஷினில் காசு போட்டு டிக்கெட் வாங்கியிருந்தேன், கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாதாரண உடையில் இருந்த ஒருவர் எழுந்து "ஃபார்கார்ட்டன், பிட்டே" என்றார். டிக்கெட்டைக் காட்டினேன். அதில் முத்திரை இல்லை என்றார். 60 யூரோ. டிக்கெட் வாங்கியும் அபராதமா என்று அன்று மனம் வெறுத்துப்போனது. அந்த 60 யூரோ உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள்: ஒற்றை டிக்கெட்

விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது மண்டலம். ஒவ்வொரு நகரத்துக்கும் சுற்று வட்டாரத்துக்கும் சேர்த்து ஒரு போக்குவரத்துக் கூட்டமைப்பு இருக்கும். ஒரே டிக்கெட்டில் எஸ்-பான் என்ற புறநகர் ரயில், ஊ-பான் என்ற சுரங்க ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஆனால் டிக்கெட் எந்த மண்டலம்வரை செல்லும் என்பது முக்கியம். பெர்லினில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும், விமான நிலையம் போய்வர ஏபிசி வேண்டும். மியூனிக்கில் நடு நகரம் எம் மண்டலம், விமான நிலையம் 5ஆம் மண்டலம். பை, பெட்டி, குழந்தை எல்லாம் தூக்கிக்கொண்டு அவசரத்தில் மலிவான டிக்கெட்டை அழுத்திவிடாதீர்கள்.

அடுத்தது முத்திரை. பெர்லினிலும் மியூனிக்கிலும் மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டைப் பல சமயம் நீங்களே ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைத்து நேரம் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி பிளாட்பாரத்திலோ, படிக்கட்டு அருகிலோ, டிராமுக்கு உள்ளேயோ இருக்கும். பிராங்பர்ட்டில் மெஷினில் வாங்கினால் நேரம் ஏற்கெனவே அச்சாகி வரும், முத்திரை தேவையில்லை. ஒரே நாட்டில் இரண்டு முறை இருப்பதால் ஓர் ஊரில் கற்றதை அடுத்த ஊரில் நம்ப முடியாது. டிக்கெட்டில் "பிட்டே என்ட்வெர்ட்டன்" என்று இருந்தால் முத்திரை குத்து என்று பொருள். நகரத்தின் ஆப்பில் வாங்கினால் இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் ஏறுவதற்கு முன் வாங்கியிருக்க வேண்டும், பரிசோதகரைப் பார்த்தபிறகு வாங்கினால் செல்லாது.

டிக்கெட் இல்லாமல் போவது இங்கே வெறும் அபராதத்தோடு முடிகிற விஷயம் அல்ல, சட்டப்படி குற்றம். திரும்பத் திரும்ப மாட்டினால் போலீஸ் புகார்வரை போகும். விசா புதுப்பிக்க வேண்டிய நமக்கு அது வேண்டாத தலைவலி. உங்கள் பெயரில் மாதச் சீட்டு இருந்து, அன்று கையில் கொண்டுவர மறந்திருந்தால் கவலை வேண்டாம். சில நாட்களுக்குள் அலுவலகத்தில் காட்டினால் 60 யூரோ பெரும்பாலும் 7 யூரோவாகக் குறைந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம்: கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும், பழைய பெட்டிகளில் கைப்பிடியை இழுக்க வேண்டும். திறக்கும் என்று காத்து நின்று வண்டியை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸிலும் இறங்கும் இடத்துக்கு முன்பே பொத்தானை அழுத்துங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும்.

வங்கிக் கணக்கு வந்ததும்: டாய்ட்ச்லாண்ட் டிக்கெட்

வீட்டு முகவரியைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து, ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் கைக்கு வந்தவுடன் இதை வாங்கிவிடுங்கள். நாடு முழுவதும் எந்த ஊர் பஸ், டிராம், ஊ-பான், எஸ்-பான், ஆர்.பி., ஆர்.ஈ. என்ற வட்டார ரயில் என்றாலும் இந்த ஒரே சீட்டு போதும். மண்டலக் கவலை இல்லை, முத்திரைக் கவலை இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. விலை ஏறியிருந்தாலும், தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எந்த ஊர் நிறுவனத்திடம் வாங்கினாலும் டிக்கெட் ஒன்றுதான். ஒரு நிறுவனத்தின் இணையதளம் உங்கள் கணக்கை ஏற்கவில்லை என்றால் மனம் தளராமல் இன்னொன்றில் முயலுங்கள். வாங்குவதற்கு முன் அலுவலகத்தில் ஜாப் டிக்கெட், அதாவது விலையில் ஒரு பங்கை நிறுவனமே கட்டும் டிக்கெட், உண்டா என்று கேளுங்கள். நிறுவனம் குறைந்தது 25 சதவீதம் ஏற்றுக்கொண்டால் அரசு இன்னும் 5 சதவீதம் கழிக்கும். மாணவர் என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு 60 சதவீத விலையில் இது வந்துவிடும், தனியாக வாங்கி இரட்டிப்பாகக் கட்டாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை. இது சந்தா, நீங்கள் நிறுத்தும்வரை மாதாமாதம் பணம் எடுப்பார்கள். மாத முடிவில் நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். சீட்டு உங்கள் பெயரில் இருப்பதால் புகைப்படம் உள்ள அடையாள அட்டை கூடவே இருக்க வேண்டும். மனைவிக்கோ அறைத் தோழருக்கோ கொடுக்க முடியாது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். சைக்கிளுக்குப் பல இடங்களில் தனி டிக்கெட். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஐ.சி.இ., ஐ.சி., ஈ.சி. என்ற தொலைதூர ரயில்களிலும் ஃபிளிக்ஸ் பஸ், ஃபிளிக்ஸ் டிரெயினிலும் இது செல்லாது. ஒரே பிளாட்பாரத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் ஆர்.ஈ.யும் ஐ.சி.இ.யும் வரும். பெட்டியின் பக்கவாட்டில் என்ன எழுத்து என்று பார்த்து ஏறுங்கள்.

ஸ்டேஷனைப் படிப்பது

சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. மின்பலகை அதைவிட நம்பகமானது. நாலைந்து ஜெர்மன் சொற்கள் போதும். கிளைஸ் என்றால் பிளாட்பாரத் தண்டவாள எண். ஃபெர்ஷ்பேட்டுங் என்றால் தாமதம். "ஃபேல்ட் அவுஸ்" என்றால் ரத்து. "ஹொய்ட்டே ஃபான் கிளைஸ்" என்று வந்தால் இன்று வேறு பிளாட்பாரம். எர்ஸாட்ஸ்ஃபெர்கேர் என்றால் தண்டவாள வேலை நடக்கிறது, ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள். இந்தக் கடைசிச் சொல்லை நீங்கள் நிறையவே பார்ப்பீர்கள். பழைய தடங்களை ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கிறார்கள். பிராங்பர்ட்–மன்ஹைம் தடத்தை 2024 ஜூலை முதல் டிசம்பர்வரை முழுக்க மூடியிருந்தார்கள். மாற்று பஸ் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில சமயம் பின்பக்கத் தெருவில் நிற்கும். கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

சிற்றூரில் வீடு கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறும் விடுமுறை நாளும் பஸ் குறைவு, சில வழிகளில் அறவே இல்லை. அட்டவணையில் ரூஃப்பஸ் என்று இருந்தால், முன்கூட்டியே போன் செய்தோ ஆப்பில் சொல்லியோ வைத்தால்தான் வண்டி வரும். சும்மா நிறுத்தத்தில் நின்றால் இருட்டும்வரை நிற்க வேண்டியதுதான். வீடு பார்க்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு, இரவுப் பணி முடிந்து வர வழியில்லாமல் தவிக்கிறவர்கள் உண்டு.

தொலைதூரப் பயணம்

ஐ.சி.இ. டிக்கெட்டில் இரண்டு வகை தெரிந்தால் போதும். ஃபிளெக்ஸ்பிரைஸ் விலை அதிகம், அன்று எந்த வண்டியிலும் போகலாம். ஷ்பார்பிரைஸ் மலிவு, முன்னதாக வாங்க வாங்க இன்னும் மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த வண்டியில் மட்டும்தான் போக வேண்டும். பத்து நிமிடம் பிந்தி வந்து அடுத்ததில் ஏறினால் டிக்கெட் செல்லாது. தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நிலைமை மாறும்: போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கேட்காமல் தரமாட்டார்கள், மூன்று மாதத்துக்குள் ஆப்பிலேயே விண்ணப்பியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் உரிமை.

தாமதம் பெயரளவுக்குச் சொல்கிற விஷயமும் அல்ல. 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை நேரத்தோடு வந்ததாகவே கணக்கிடுகிறார்கள். ஜெர்மன்காரர் என்றால் நேரம் தவறாதவர் என்று ஊரில் கேட்டு வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அதனால் வண்டி மாறும் பயணத்தில் ஆப் காட்டும் ஏழு நிமிட இடைவெளியை ஏற்காதீர்கள். மாறும் நேரத்தை அரை மணியாக நீங்களே மாற்றி அமைத்துத் தேடலாம். விமானம் பிடிக்க வேண்டும், தூதரகத்தில் நேரம் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள்.

டிக்கெட் விலையில் இருக்கை சேராது. கூட்டமான நாளில் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் நின்றுகொண்டே போக நேரும். 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பெற்றோருடன் இலவசம், ஆனால் டிக்கெட் வாங்கும்போதே அவர்களைச் சேர்த்திருக்க வேண்டும். அடிக்கடி போகிறவர்களுக்கு பான்கார்ட் 25 அல்லது 50 என்ற ரயில் கட்டணச் சலுகை அட்டை லாபம். அதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் முடிவதற்கு நாலு வாரம் முன்பே நிறுத்தக் கடிதம் கொடுக்க வேண்டும்.

முதல் நீண்ட பயணத்துக்கு நான் சிபாரிசு செய்வது ஹாம். அங்கே உவென்ட்ரோப் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. தேர்த்திருவிழா சமயத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் வருகிறார்கள். அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தம் நடக்கும். கொலோன், டூசல்டோர்ஃப், டோர்ட்முண்டிலிருந்து ஆர்.ஈ. 1 வண்டி நேராக ஹாமுக்குப் போகும், டாய்ட்ச்லாண்ட் டிக்கெட் போதும். அங்கிருந்து உவென்ட்ரோப்புக்கு பஸ்.

பெர்லினிலிருந்து மேற்கே போகும் பல ஐ.சி.இ. வண்டிகள் இதே ஹாமில்தான் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழி, மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழி. மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகும் வட்டார ரயிலும் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகிறது. ஒருமுறை நான் தப்பான பாதியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஓர் ஊரில் காத்திருக்க, நான் பெயர் தெரியாத ஒரு சிறிய ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் குளிரில் நின்றேன். பலகையில் ஏ முதல் ஜி வரை எழுத்துகள் வரும். அவை பிளாட்பாரத்தின் பகுதிகள். உங்கள் ஊருக்குப் போகும் பெட்டி எந்த எழுத்தில் நிற்கும் என்று பார்த்து அங்கே போய் நில்லுங்கள், ஏறியபிறகு பெட்டிக்குள் இருக்கும் திரையில் ஊர்ப்பெயரை இன்னொரு முறை சரிபாருங்கள்.

ஓட்டுநர் உரிமம்: ஆறு மாதக் கெடு

இந்தப் பகுதியைக் கார் வாங்கும் எண்ணம் இல்லாதவரும் படியுங்கள், ஏனென்றால் கெடு நீங்கள் இங்கே குடியேறிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். இந்தியா அல்லது இலங்கை உரிமத்தை வைத்து 6 மாதம் ஓட்டலாம். கூடவே ஜெர்மன் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். அந்த அனுமதியை ஊரில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வந்தால் சுலபம். 6 மாதம் கழிந்த மறுநாள் ஓட்டினால், உரிமமே இல்லாமல் ஓட்டியதாகத்தான் சட்டம் பார்க்கும். அது குற்ற வழக்கு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் பணம் திருப்பிக் கேட்கும். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டிய அனுபவம் எந்த விதத்திலும் காப்பாற்றாது.

சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் உரிமத்தைத் தேர்வில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கட்டாயம். நல்ல செய்தி, ஏற்கெனவே உரிமம் உள்ளவர் கட்டாய வகுப்பு எண்ணிக்கையைப் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை. வரிசை இதுதான்: கண் பரிசோதனை, 9 பாடவேளை முதலுதவி வகுப்பு, புகைப்படம், உரிமத்தின் மொழிபெயர்ப்பு; இவற்றோடு ஊர் உரிம அலுவலகத்தில் விண்ணப்பம். அனுமதி வர வாரக்கணக்காகும். அதனால் மூன்றாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. ஓட்டுத் தேர்வு ஓட்டுப் பயிற்சிப் பள்ளியின் காரில், சுமார் 55 நிமிடம்.

நம்மவர்கள் அதிகம் தோற்பது ஓட்டத் தெரியாமல் அல்ல, வலப்பக்க விதியில். அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. அது சின்னச் சந்தாக இருந்தாலும் நீங்கள் பெரிய தெருவில் போனாலும் அப்படித்தான். குடியிருப்புத் தெருக்களில் ஒவ்வொரு சந்துக்கும் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் தலையைத் திருப்புவதைத் தேர்வாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். இதற்காகவே ஐந்தாறு வகுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

கார் வந்தபிறகு இரண்டு விஷயம். நீல வட்டுக் கடிகாரம் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கச் சொல்லும் நிறுத்துமிடங்கள் உண்டு; வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக்கு முள்ளை வைக்க வேண்டும். 2.10க்கு வந்தால் 2.30. இன்னொன்று, ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கும்போதே இடக்கோடி வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். சைரன் கேட்டபிறகு ஒதுங்குவது தாமதம். விடாவிட்டால் 200 யூரோ, ஒரு மாதம் ஓட்டத் தடை.

சைக்கிள்

ஊருக்குள் பலருக்கு இதுதான் சிறந்த வண்டி, நானும் மழை நாள் தவிர இதில்தான் போகிறேன். முன்னும் பின்னும் விளக்கு, மணி, இரண்டு பிரேக் கட்டாயம். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அந்தப் பாதையில்தான் ஓட்ட வேண்டும், எதிர்த் திசையில் அல்ல. கையில் போன் பிடித்தால் 55 யூரோ. சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60 யூரோவும் கார் ஓட்டிகளுக்குப் போடுவதுபோல ஒரு தண்டனைப் புள்ளியும். 8 வயதுவரை குழந்தை நடைபாதையில் ஓட்ட வேண்டும், கூடப் போகும் பெரியவரும் அதே நடைபாதையில் ஓட்டலாம். நடந்து போகும்போது சிவப்பு நிறச் சைக்கிள் பாதையில் கால் வைக்காதீர்கள். மணி அடித்துக் கோபிப்பார்கள், அவர்கள் கோபம் நியாயமானது.

எல்லை தாண்டுவதற்கு முன்

செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் பொது விசா ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை சுற்றலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனில் இல்லை, பிரிட்டனுக்குத் தனி விசா. டாய்ட்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன்வரை போகலாம் என்பதால் பலர் ஞாயிறு காலை கைப்பையோடு கிளம்பிவிடுகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பும்போது ரயிலுக்குள்ளேயே போலீஸ் வரும். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படம் போதாது.

அட்டை காலாவதியாகி, புதுப்பிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று தருவார்கள். அதில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று உடனே பாருங்கள். வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் இங்கே தங்கலாம், ஆனால் வெளியே போனால் அதைக் காட்டி மீண்டும் நுழைய முடியாது. ஊரில் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ அவசரமாக டிக்கெட் எடுக்கிறபோது இதை யாரும் பார்ப்பதில்லை. 4ஆம் உட்பிரிவு இருந்தாலும் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழி போவதைவிட, ஜெர்மனியிலிருந்து நேராகவோ வளைகுடா வழியாகவோ போகும் விமானத்தை எடுங்கள். குடியேற்றச் சோதனை இரண்டு முறையும் ஜெர்மன் அதிகாரியிடம்தான் நடக்கும், அந்தத் தாள் அவருக்குப் பழக்கமானது. காலாவதியான பழைய அட்டையையும் தூக்கிப் போடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.